ஹாரி பாட்டர்: சம்பவம் படத்தில் இருக்கிறது, காரணம் புத்தகத்தில் இருக்கிறது

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகசாலை ஒன்றில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வாசிப்பு நேரம் நடத்தும் டீச்சர் கேட்டிருப்பது இது: "ஹாரி பாட்டர் பேச்சை எடுத்தாலே வகுப்பு இரண்டு கட்சியாகிவிடுகிறது. படம் பார்த்தவர்கள் 'கதை முழுக்கத் தெரியும், இனி எதற்குப் படிக்கணும்' என்கிறார்கள். படித்த நாலைந்து பேர் 'படம் மொத்தமும் தப்பு' என்கிறார்கள். பெற்றோரில் சிலருக்கு மந்திரவாதக் கதையா என்று தயக்கம். யார் சொல்வது சரி? எந்த வரிசையில் கொடுக்கலாம்? பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளமும் இங்கிலீஷும்."

டீச்சர், இரண்டு கட்சியிடமும் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பது எந்தப் பாகத்தைப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஏழு புத்தகத்தையும் எட்டுப் படத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் சண்டை தீராமல் போகிறது. அதனால் முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடலாம்.

பிரிட்டிஷ் முதல் பதிப்பின் பக்கக் கணக்கில் முதல் புத்தகம் 223 பக்கம், படம் 152 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம். இரண்டாவது 251 பக்கம், 161 நிமிடம், அதே விகிதம்தான். மூன்றாவது 317 பக்கம், 142 நிமிடம். இரண்டே கால் பக்கம் ஆகிறது. நான்காவதில் 636 பக்கத்தை 157 நிமிடத்தில் அடைக்கிறார்கள். நிமிடத்துக்கு நாலு பக்கம். ஐந்தாவதுதான் உச்சம்: 766 பக்கம், 138 நிமிடம், ஐந்தரைப் பக்கம். தொடரிலேயே தடியான புத்தகம் அது. அதை எடுத்த படமோ எட்டில் இரண்டாவது குட்டையான படம். ஆறாவது மறுபடி நாலு பக்கம். ஏழாவது புத்தகத்தை இரண்டு படமாகப் பிரித்ததால் 607 பக்கத்துக்கு 276 நிமிடம் கிடைத்தது. விகிதம் மூன்றாவது படத்தின் அளவுக்கு இறங்கிவிட்டது.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். "எல்லாம் தெரியும்" என்கிற பிள்ளைக்கு முதல் இரண்டு பாகத்தில் உண்மையிலேயே ஏறக்குறைய எல்லாம் தெரியும். ஐந்தாம் பாகத்தில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது நாலில் ஒரு பங்குதான்.

ஆனால் பக்கம் குறைந்ததை மட்டும் வைத்துப் படத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. வெட்டாமல் படம் எடுக்க முடியாது. வெட்டியது எதை என்பதுதான் கேள்வி. இந்தத் தொடர் மேலுக்கு மந்திரக் கதை. உள்ளுக்குள் துப்பறியும் கதை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு மர்மம், அதற்கான தடயங்கள் நூறு பக்கத்துக்கு முன்னாலேயே ஏதோ சாதாரணப் பொருள் மாதிரி ஒரு வரியில் கிடக்கும். பல தடயங்கள் ஒரு புத்தகத்தில் விதைத்து இன்னொன்றில் முளைப்பவை. முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், குழந்தை ஹாரியைக் கொண்டுவரும் ஹாக்ரிட், மோட்டார் பைக்கை இளைய சிரியஸ் பிளாக் கொடுத்தார் என்று போகிற போக்கில் சொல்வான். அந்த சிரியஸ் யார் என்று மூன்றாம் புத்தகத்தில்தான் தெரியும். ஐந்தாம் புத்தகத்தில் பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று ஒரு வரியில் வந்து போகும். ஏழாம் புத்தகத்தில் அதற்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள். நேரம் போதாத திரைக்கதையில் முதலில் கழிவது இந்த ஒற்றை வரிகள்தான், ஏனென்றால் அந்த இடத்தில் அவற்றுக்கு எந்த வேலையும் இல்லை. விளைவு, படத்தில் சம்பவம் அப்படியே நடக்கும், ஏன் நடக்கிறது என்பது காணாமல் போயிருக்கும்.

இதற்குத் தெளிவான உதாரணம் கண்ணாடிச் சில்லு. ஏழாவது கதையின் முதல் படத்தில் ஹாரியின் கையில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கும். அதில் ஒரு நீலக் கண் தெரியும். எங்கிருந்து வந்தது? படத்தை மட்டும் பார்த்த பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், விழிக்கும். ஐந்தாம் புத்தகத்தில் ஹாரியின் ஞானத்தந்தையான சிரியஸ் அதைப் பொட்டலமாகக் கொடுத்திருப்பார். இரட்டைக் கண்ணாடியில் ஒன்று, எப்போது வேண்டுமானாலும் இருவரும் முகம் பார்த்துப் பேசலாம். ஹாரி பிரித்தே பார்க்க மாட்டான். சிரியஸ் இறந்த பிறகுதான் பெட்டிக்குள் அது கிடைக்கும். பிரித்திருந்தால் சிரியஸ் பத்திரமாக இருக்கிறார் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும், அவரைக் காப்பாற்றப் போன அந்த இரவே நடந்திருக்காது. அந்த ஆத்திரத்தில் கண்ணாடியை உடைக்கிறான். ஐந்தாம் படம் இதை முழுக்க விட்டுவிட்டது. ஏழாவதில் சில்லு தேவைப்பட்டது, ஆனால் அதன் கதையைச் சொல்ல இடமில்லை. துக்கம் போய்விட்டது, பொருள் மட்டும் மிஞ்சியது.

ஆறாம் படத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை. கதையின் வில்லன் வோல்டமார்ட் தன் உயிரைத் துண்டு துண்டாக ஒளித்து வைத்த பொருள்கள்தான் ஹார்க்ரக்ஸ். ஆறாம் புத்தகத்தின் முதுகெலும்பே தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் ஹாரிக்குக் காட்டும் பழைய நினைவுகள்: வோல்டமார்ட்டின் தாயின் ஏழ்மை, அவள் கைவிடப்பட்ட விதம், அநாதை இல்லம், ஒரு கிழவியிடமிருந்து கிண்ணமும் லாக்கெட்டும் திருடுபோன கதை, அவன் ஆசிரியர் வேலை கேட்டு வந்து திரும்பிய இரவு. படத்தில் அநாதை இல்லமும் ஸ்லக்ஹார்ன் என்ற ஆசிரியரின் நினைவும் மட்டுமே. பதிலுக்கு ஹாரியின் நண்பன் ரானின் வீடு எரிகிற, புத்தகத்தில் இல்லாத ஒரு காட்சி வந்தது. இதன் கடனை அடுத்த இரண்டு படமும் கட்டுகின்றன. எந்தப் பொருள் ஹார்க்ரக்ஸ் என்று ஊகிக்கும் விவரம் ஹாரியிடம் இல்லை. அதனால் அவை பக்கத்தில் வந்தாலே காதில் சத்தம் கேட்கும் என்று வைத்துக்கொண்டார்கள். புத்தகத்து ஹாரி யோசித்துக் கண்டுபிடிக்கிறான், படத்து ஹாரிக்குக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

நான்காம் படத்தில் மர்மமே போய்விட்டது. ஆபத்தான போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தீக்கிண்ணத்தில் ஹாரியின் பெயரைப் போட்டது யார் என்பதுதான் புத்தகம் முழுக்க இழுக்கும் கயிறு. படமோ ஆரம்பக் கனவுக் காட்சியிலேயே குற்றவாளியின் முகத்தைக் காட்டிவிடுகிறது. மந்திரவாதி வீட்டில் அடிமை வேலை செய்யும் விங்கி என்ற குற்றேவல் பிராணியும் பெர்த்தா ஜார்கின்ஸும் பேக்மனும் இல்லாததால் சந்தேகப்பட வேறு ஆளும் இல்லை. டம்பிள்டோர் ஹாரியிடம் "நீயா பெயர் போட்டாய்?" என்று கேட்கும் இடம் உங்கள் வாசகக் கட்சிக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். புத்தகத்தில் "அமைதியாக" என்று ஒரு சொல் இருக்கிறது. படத்தில் டம்பிள்டோராக நடிக்கும் மைக்கேல் கேம்பன் ஓடி வந்து பையனைப் பிடித்து உலுக்குகிறார். அந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். கோபம் நியாயம்தான். எல்லோரும் சந்தேகிக்கும் வேளையில் நம்புகிற பெரியவர் அவர். அவரும் உலுக்கினால் பையனுக்குப் போக இடமில்லை.

ஐந்தாவதில் நான் ரொம்ப வருந்துவது மருத்துவமனைக் காட்சிக்கு. ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் அம்மா அப்பா சித்திரவதையில் புத்தி பேதலித்து வார்டில் இருக்கிறார்கள். அம்மா மெல்ல நடந்து வந்து மகன் கையில் சூயிங்கம் சுற்றிய காகிதம் ஒன்றைக் கொடுப்பாள். பாட்டி, குப்பையில் போடு, இப்படி எத்தனையோ கொடுத்தாயிற்று என்பாள். நெவில் அதைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வான். படத்தில் நெவில் இதை வாயால் சொல்கிறான், காகிதம் இல்லை. அதோடு, வோல்டமார்ட்டை வீழ்த்தப்போகும் பிள்ளையைப் பற்றிய தீர்க்கதரிசனம் நெவிலுக்கும் பொருந்தும், இருவரில் ஹாரியைத் தேர்ந்தது வோல்டமார்ட் என்ற முக்கியச் செய்தியும் போயிற்று. கடைசிப் படத்தில் நெவில் வாளெடுக்கும்போது தியேட்டரில் கைதட்டு கிடைத்தது. புத்தகம் படித்தவருக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

அதே ஐந்தாம் புத்தகம் இழுவை என்கிறவர்களும் தப்பில்லை. வீடு சுத்தம் செய்யும் அத்தியாயங்களும், ஹாக்ரிட்டின் அரக்கத் தம்பி வரும் பகுதியும் நீளம். ஹாரி எல்லோரிடமும் கத்திக்கொண்டே இருப்பான். படம் இதைச் சுருக்கியது நல்லதே. அம்பிரிட்ஜாக இமெல்டா ஸ்டான்டன் நடித்தது புத்தகத்துக்கே பலம் சேர்த்தது. சிரித்த முகமும் இளஞ்சிவப்பு உடையுமாக ஒரு கொடுமைக்காரி. பிள்ளைகள் வோல்டமார்ட்டைவிட அவளுக்குத்தான் பயப்படுவார்கள், ஏனென்றால் அப்படிப்பட்ட ஆளைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பார்கள்.

மூன்றாம் படம் பற்றித்தான் கருத்து வேற்றுமை அதிகம். இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன். முதல் இரண்டை எடுத்த கிறிஸ் கொலம்பஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பின்பற்றினார். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், சினிமாவாக அவை கொஞ்சம் தட்டை. குவாரோன் வந்ததும் பிள்ளைகள் சீருடைச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு நிஜப் பிள்ளைகள் ஆனார்கள். பெரிய கடிகாரப் பெண்டுலமும், இலை உதிர்த்துப் பனி உதறும் அந்த அடிக்கிற மரமும், காலம் பின்னோக்கிப் போகும் கதையைச் சொல்லாமலே சொல்கின்றன. சினிமாவாக எட்டில் சிறந்தது இதுவே என்பது என் தீர்ப்பு. ஆனாலும் புத்தகத்தில் மூன்று அத்தியாயம் ஓடுகிற பாழ்வீட்டு உரையாடல் படத்தில் சில நிமிடம். மந்திர வரைபடத்தை வரைந்த நால்வர் யார் என்று படம் சொல்வதேயில்லை. ஹாரியின் அப்பாவும் அவருடைய பள்ளி நண்பர்கள் லூபின், பெட்டிக்ரூ, சிரியஸ் மூவரும்தான். அப்பா மானாக மாறக்கூடியவர். அதனால்தான் ஹாரி மந்திரத்தால் வரவழைக்கும் காவல் உரு மானாக வருகிறது. அது தெரியாமல் பார்த்தால் ஏரிக்கரையில் வரும் வெள்ளை மான் ஒரு அழகு மட்டும்தான். தெரிந்து பார்த்தால், இறந்த அப்பா வந்து நிற்கிறார்.

இந்த இடத்தில் பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. ராத்திரியில் காளையாகவோ எருமையாகவோ உருமாறி வழியில் நிற்கும் ஒடியன் கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பார்கள். மாறிய உருவில் ஏதாவது ஒரு குறை இருக்கும், அதை வைத்து ஆளைக் கண்டுகொள்ளலாம் என்றும் சொல்வதுண்டு. ரானின் எலிக்கு ஒரு விரல் இல்லை. பூனையாக மாறும் மெக்கானகல் டீச்சருக்குக் கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மாதிரித் தடம். இதைச் சொல்லிவிட்டு எலி வரும் பக்கங்களை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், தடயம் தேடும் பழக்கம் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சாத்தனைக் கட்டிப்போட்டு வேலை வாங்கும் கதை தெரிந்த பிள்ளைக்கு டாபி என்ற குற்றேவல் பிராணியையும் விளக்க வேண்டியதில்லை.

பாத்திரங்களைப் படம் எப்படி மாற்றியது என்பதில் ரானுக்கு நடந்தது அநியாயம். மூன்றாம் புத்தகத்தில் கால் உடைந்து கிடக்கும் ரான்தான் எழுந்து நின்று, ஹாரியைக் கொல்லணும் என்றால் எங்களையும் கொல்லணும் என்பான். படத்தில் அந்த வசனம் தோழி ஹெர்மயோனிக்குப் போனது. படம் தோறும் அவளுக்குப் புத்தியும் தைரியமும் கூடிக்கொண்டே போக, ரான் பயந்து முகம் சுளிக்கும் பையனாக நின்றுவிட்டான். இதில் ஹெர்மயோனிக்கும் நஷ்டம்தான்: தப்பும் தடுமாற்றமும் இல்லாத பெண்ணாகிவிட்டாள். குற்றேவல் பிராணிகளின் விடுதலைக்காக அவள் நடத்தும் இயக்கம், எல்லோரும் கேலி செய்தும் விடாமல் பேட்ஜ் விற்பது, படத்தில் துளியும் இல்லை. கடைசிப் போரில் ரான், சமையலறையில் இருக்கும் அந்தப் பிராணிகளை முதலில் வெளியேற்றணும், இன்னும் டாபிகள் சாகக் கூடாது என்கிறான். அதைக் கேட்டதும்தான் அவள் ஓடிவந்து கட்டிப்பிடித்து முத்தமிடுவாள். படத்தில் தண்ணீர் சுவராக எழுந்து விழுந்ததும் முத்தம். இங்கேயும் காரணத்தைக் காணோம்.

வயது விஷயமும் உண்டு. ஹாரியின் பெற்றோர் இறந்தபோது அவர்களுக்கு 21தான். முதல் கதையில் ஆசிரியர் ஸ்னேப்புக்கு முப்பத்தொன்று. அவராக நடித்த ஆலன் ரிக்மனுக்கு, முதல் படம் வந்த 2001இல் 55. புத்தகத்தில் ஸ்னேப்பும் சிரியஸும் முறைத்துக்கொள்வது பத்துப் பதினைந்து வருடத்துப் பச்சைப் புண். படத்தில் நடுவயதுக்காரர்களின் பழைய பகை. ஆனாலும் ரிக்மனை யாரும் குறை சொல்வதில்லை, நானும் சொல்ல மாட்டேன். கடைசிப் படத்தில் அவருடைய நினைவுகள் ஓடும் பகுதி, எட்டுப் படத்திலும் புத்தகத்துக்குச் சரிசமமாக நிற்கும் இடம். ஏழாவதின் முதல் படத்தில் மூன்று சகோதரர் கதை நிழலுருவ அனிமேஷனாக வருவதும் அப்படியே. முதல் மூன்று படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட இசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தால் அதைக் கொடுக்கவே முடியாது.

முடிவுக் காட்சியில்தான் எனக்குச் சமாதானம் இல்லை. புத்தகத்தில் ஹாரியும் வோல்டமார்ட்டும் மோதுவது சாப்பாட்டு மண்டபத்தில், எல்லோரும் சுற்றி நிற்க. ஹாரி அவனை ரிடில் என்று பிறந்த பெயரால் கூப்பிட்டு, வோல்டமார்ட் கையிலிருக்கும் வலிமைமிக்க மந்திரக்கோல் யாருக்குச் சொந்தம் என்று நிதானமாக விளக்குகிறான். வோல்டமார்ட் விழும்போது ஒரு சாதாரண மனிதப் பிணமாக விழுகிறான். படத்தில் வெளி முற்றத்தில் இருவர் மட்டும், அவன் சாம்பல் துகளாகப் பறந்துபோகிறான். சாவுக்குப் பயந்து ஏழு புத்தகமாக ஓடியவன் கடைசியில் எல்லோரையும் போலச் செத்தான் என்பதல்லவா கதை! சாம்பலாகப் பறந்தால் அவன் விசேஷமான ஆளாகவே போய்விடுகிறான். அடுத்து, புத்தகத்தில் ஹாரி அந்தப் பெரிய கோலைக்கொண்டு உடைந்த தன் சொந்தக் கோலை ஒட்டவைத்துவிட்டு, பெரியதைத் திரும்ப டம்பிள்டோர் கல்லறைக்கே அனுப்ப முடிவு செய்வான். படத்தில் தன் கோலைச் சரிசெய்யாமலே பெரியதை ஒடித்து எறிகிறான்.

வரிசைக்கு வருவோம். ஒவ்வொரு பாகத்தையும் முதலில் படித்துவிட்டுப் படம் பாருங்கள் என்பதுதான் பொதுவிதி. ஆனால் உங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அவர்களை முதல் புத்தகத்திலிருந்து தொடங்க வைத்தால் சலிப்புத் தட்டும், ஏனென்றால் அதில் புதிதாகக் கிடைப்பது குறைவு. அவர்களுக்கு மூன்றாவதைக் கொடுங்கள். படம் பார்த்த பிள்ளைக்கு முதல் ஆச்சரியம் அங்கேதான் இருக்கிறது. பார்க்காத பிள்ளைகளுக்கு முதல் இரண்டும் ஏப்ரல், மே விடுமுறையில்: மொத்தம் 474 பக்கம், நாளுக்கு 8 பக்கம், இரண்டு மாதம் சரியாக இருக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் வேகம் பாதியாகும். நாளுக்கு 4 பக்கம் வைத்தால் மூன்றாவது ஓணத்தை ஒட்டி முடியும். ஓண லீவில் படம். நான்காவதை அந்த ஆண்டே தொடங்க வேண்டாம். அதன் முடிவில் ஒரு மாணவன் சாகிறான், அதிலிருந்து தொனியே மாறுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் மூன்று போதும். நான்காவது ஏழாம் வகுப்பு விடுமுறைக்கு, கடைசி மூன்று எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு. மந்திரத்தைவிடக் கனமான விஷயம் அதில் வருகிறது: தண்டனையாகப் பிள்ளை தன் ரத்தத்தாலேயே எழுத வேண்டியது, ஏழாவதின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியையைக் கட்டித் தொங்கவிட்டுக் கொல்வது.

பெரும்பாலான பிள்ளைகள் புத்தகத்தைக் கீழே வைக்கும் இடம் முதல் அத்தியாயம். ஹாரி குழந்தையாகத் தூங்குகிறான், பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதை நீங்களே வாய்விட்டு வாசித்துத் தாண்டிவிடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் கடிதங்கள் வீட்டுக்குள் கொட்ட ஆரம்பித்ததும் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள். ஹாக்ரிட் பேச்சு அடுத்த தடுக்கல். நாட்டுப்புற இங்கிலீஷை ஒலிப்படியே எழுதியிருப்பார்கள், அகராதியில் கிடைக்காது. கண்ணால் வாசித்தால் புரியாது, சத்தமாக வாசித்தால் புரியும். தமிழில் சொல்லும்போது நம் பக்கத்துத் தோப்புக்காரர் பேசுகிற மாதிரி "ஏனுங்" போட்டே சொல்லலாம், அந்த ஆளின் மனசு அதில்தான் வரும்.

இங்கிலீஷில் இல்லாத ஒரு முடிவைத் தமிழில் சொல்பவர் எடுக்க வேண்டியிருக்கும்: நீயா, நீங்களா? ஹாரி ஸ்னேப்பிடம் வாயில் "நீங்க சார்" என்றும் மனதுக்குள் "அவன்" என்றும்தான் பேசுவான். எப்போது அது "அவர்" ஆகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கடைசி அத்தியாயத்தில் தன் மகனுக்கு ஸ்னேப்பின் பெயரை வைத்திருக்கிறான் ஹாரி. மற்ற மொழிகளில் பத்தி எழுதி விளக்க வேண்டியதை நமக்கு ஒரு விகுதி செய்துவிடும்.

மொழிபெயர்க்க முடியாத இடம் இரண்டாம் புத்தகத்தில். டாம் மார்வலோ ரிடில் என்ற பெயரின் எழுத்தைக் கலைத்துப் போட்டால் "நான்தான் வோல்டமார்ட் பிரபு" என்று வரும். பிரெஞ்சில் இதற்காகவே நடுப்பெயரை எல்விஸ் என்று மாற்றினார்கள். தமிழ் உயிர்மெய் எழுத்தில் இது நடக்காது. ஒலிமாற்றுப் பதிப்பைப் பார்க்கும் பிள்ளைக்குத் திரையில் எழுத்து நகர்வது மட்டும் தெரியும், ஏன் என்று புரியாது. 16 சீட்டு வெட்டி இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: ஓ மூன்று, எம், ஆர், எல், டி (D) என நான்கும் இரண்டிரண்டு, மற்ற ஐந்தும் ஒவ்வொன்று. பிள்ளைகளே தரையில் நகர்த்திக் கண்டுபிடிக்கட்டும். முதல் புத்தகத்தில் வரும் ஆசைக் கண்ணாடியின் மேல் எழுதியிருக்கும் புரியாத வரியும் அப்படித்தான், கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாசித்தால் பொருள் வரும்.

ஹெர்மயோனி என்ற பெயரை எப்படிச் சொல்வதென்று உலகமே தடுமாறியதால் நான்காம் புத்தகத்தில் அவளே ஒருவனுக்கு அசை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகளைத் திருத்தும்போது அதைக் காட்டுங்கள், கூச்சம் போய்விடும். முதல் புத்தகத்துக்கு அமெரிக்காவில் வேறு தலைப்பு. இணையத்தில் இரண்டையும் பார்த்து இரண்டு புத்தகம் என்று நினைப்பார்கள். பிரிட்டிஷ் தலைப்பில் இருப்பது நம் சித்தர் பாடல்கள் பேசும் அதே ரசவாதக் கல். அந்தக் கல்லைச் செய்தவராகக் கதையில் வரும் நிக்கோலஸ் ஃப்ளமேல் 1418இல் இறந்த நிஜப் பாரிஸ்காரர். ஐந்தாம் ஆண்டு ஆந்தைத் தேர்வை எஸ்.எஸ்.எல்.சி. என்றும் ஏழாம் ஆண்டுத் தேர்வைப் பிளஸ் டூ என்றும் சொன்னால் அந்தப் பதற்றம் உடனே புரிந்துவிடும்.

பெற்றோரின் தயக்கம் இங்கே மட்டும் உள்ளதல்ல. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில் 2000 முதல் 2009 வரை அதிகம் எதிர்க்கப்பட்ட புத்தகங்களில் முதலிடம் இதற்குத்தான். அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். இதில் வரும் மந்திரம் ஆவியையோ தெய்வத்தையோ அழைப்பதல்ல. பிறவித் திறமை, பயிற்சியால் கைவரும், கோல் உடைந்தால் தப்பாக வேலை செய்து செய்தவன் வாயிலிருந்தே ஓடில்லா நத்தை வரும். ஞாயிறு வேதப்பாடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோராக இருந்தால், ஏழாம் புத்தகத்தில் கல்லறை வரும் அத்தியாயத்தைத் திறந்து காட்டுங்கள். ஹாரியின் பெற்றோர் கல்லறையில் எழுதியிருப்பது "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்ற வசனம். 1 கொரிந்தியர் 15:26. டம்பிள்டோரின் தாய், தங்கை கல்லறையில் மத்தேயு 6:21. வாதம் செய்வதைவிட அந்தப் பக்கத்தைக் கையில் கொடுப்பது பலன் தரும்.

நடை சாதாரணம், தேய்ந்த சொற்கள் என்று அமெரிக்க விமர்சகர் ஹெரால்டு புளூம் 2000இலேயே கடுமையாக எழுதினார். நடையைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை உண்டு; பேசினான் என்று எழுதுமிடத்தில் எல்லாம் ஒரு வினையடை தொங்கும். கட்டுமானத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம். 2020 முதல் திருநர் குறித்து ஆசிரியர் ரௌலிங் எழுதியவற்றால் மனம் விட்டுப்போன வாசகர்களும் இருக்கிறார்கள், ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃப் உட்பட நடிகர்கள் சிலர் வெளிப்படையாக மறுத்தார்கள். பெரிய பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இப்போது புத்தகத்துக்கு ஒரு பருவம் என்ற திட்டத்தில் எச்.பி.ஓ. தொடராக எடுக்கிறது, நேரப் பஞ்சம் அதில் தீரும், சண்டை தீராது.

வருகிற சனிக்கிழமைக்கு ஒன்று. முதல் புத்தகத்தின் பதினாறாம் அத்தியாயம், பொறிக்கதவு. மூவரும் பேய்க்கொடியின் மேல் விழுவார்கள். முதலில் படத்தில் அந்த இடத்தைப் போடுங்கள்: ரான் அலறுகிறான், ஹெர்மயோனி அமைதியாக இருந்து காப்பாற்றுகிறாள். பிறகு புத்தகத்தை வாசியுங்கள். கொடிக்கு இருட்டும் ஈரமும் பிடிக்கும் என்று அவளுக்கு ஞாபகம் வரும், நெருப்பு மூட்டு என்பான் ஹாரி, ஆனால் அவள் பதறிப்போய் "விறகு இல்லையே" என்பாள். ரான்தான் "உனக்கென்ன பைத்தியமா, நீ மந்திரக்காரியா இல்லையா!" என்று கத்துவான். அதே அத்தியாயத்தில் சற்றுப் பின்னால் ஏழு புட்டிப் புதிர் வரும், படத்தில் இல்லாதது. மூன்றில் விஷம், இரண்டில் ஒயின், ஒன்று முன்னே போக, ஒன்று பின்னே திரும்ப. ஏழு வெவ்வேறு அளவுப் புட்டியை மேசையில் வரிசையாக வைத்துப் பாடலை எழுதிப் போடுங்கள். எழுத்தை மட்டும் வைத்து இதை விடுவிக்க முடியாது, எது பெரியது எது சிறியது என்று புத்தகம் வரிசையில் இடம் சொல்லவில்லை. புட்டிகளை எந்த வரிசையில் வைத்தால் பாடல் பொருந்தும் என்று இரண்டு கட்சியும் சேர்ந்தே நகர்த்திப் பார்க்கட்டும்; அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.